கேண்டீனில் சொன்னதும் தாளில் எழுதியதும்

எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து எழுத வராது. நாலு வரிக்கு நாற்பது தடவை எழுந்து நடப்பேன். எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு தனியார் கல்லூரியில் அறிவியல் துறைத் தலைவனாக இருந்தேன். அங்கே என்னை அதிகம் நடக்க வைத்தது ஒரு படிவம். புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கு ஓராண்டு தகுதிகாண் காலம். அதற்குள் மூன்று முறை நான் அவர்கள் வகுப்பில் போய் உட்கார்ந்து, கண்டதை எழுதி, ஒரு நகலை அவர்களிடமும் இன்னொன்றை முதல்வரிடமும் கொடுக்க வேண்டும். வேலை நிலைக்குமா போகுமா என்பது அந்த மூன்று தாளைப் பொறுத்தது.

அந்த ஆண்டு இரண்டு பேர் சேர்ந்தார்கள். வேதியியலுக்கு ஒரு சீனப் பெண். இயற்பியலுக்கு ஒரு தமிழ் இளைஞர். செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் குடும்பம் அவருடையது. அந்தத் தோட்டத்திலிருந்து பட்டம் வாங்கி வந்த முதல் ஆள். நேர்காணலில் கேட்ட கேள்விக்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

மார்ச்சில் முதல் தடவை அவர் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மனிதர் வலக்கையில் சாக்கட்டி, இடக்கையில் டஸ்டர் வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். வலக்கை எழுத எழுத, இடக்கை பின்னாலேயே அழித்துக்கொண்டு போனது. பிள்ளைகள் பாதிக் கணக்கை எழுதி முடிப்பதற்குள் மீதிப் பாதி காணாமல் போய்விடும். யாராவது புரியவில்லை என்றால், அதே வாக்கியத்தை இன்னும் சத்தமாகச் சொன்னார். சோதனைத் தாள்கள் மூன்று வாரமாகத் திருத்தப்படாமல் அவர் பையிலேயே கிடந்தன.

அறைக்கு வந்தேன். நடந்தேன். படிவத்தை எடுத்தேன், வைத்தேன். கடைசியில் இப்படி எழுதினேன்: "பாட அறிவு மிக நன்று. ஆர்வமுள்ளவர். வேலை திருப்தி."

அது பொய் என்று எழுதும்போதே தெரியும். ஏன் எழுதினேன்? எங்கள் குடும்பம் யாழ்ப்பாணம். அப்பா ஒரு தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தவர். விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கும் ஆட்களின் பெயரைப் பதிவதும், பிந்தி வந்தவரை அன்றைய கூலியில்லாமல் திருப்பி அனுப்புவதும் அவர் வேலை. தோட்டத்து ஜனங்கள் கிராணியை மறப்பதில்லை. ஈப்போவில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவர், "நீங்க அந்தக் கிராணி மவன்தானே?" என்று கேட்டுச் சிரிப்பார். தோட்டத்துப் பையன் ஒருவன் மேலே வந்தான், அவனையும் கிராணி மகன் எழுதிக் கவிழ்த்தான் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். அவ்வளவுதான் விஷயம்.

ஆனாலும் மனசாட்சி சும்மா விடுமா? அவரைக் கேண்டீனுக்குக் கூட்டிப் போனேன். பாலில்லாத கோப்பி ஓ, எண்ணெயில் பொரித்த வாழைப்பழமான பீசாங் கோரேங், தமிழ்ப் பேச்சு.

"தம்பி, போர்ட ஒடனே அழிக்காதீங்க. பிள்ளைங்க எழுத வேணாமா?"

"சரிங்க சார்."

"டெஸ்ட் பேப்பரையும் சீக்கிரம் திருத்திக் குடுத்துருங்க."

"குடுத்துரலாம் சார். பரவால்ல லா, இன்னொரு பீசாங் கோரேங் எடுங்க."

சொல்லிவிட்டேன் என்று நிம்மதியாக எழுந்தேன். அந்த நிம்மதி மாலைவரைகூட நிற்கவில்லை.

வேதியியல் பெண்ணின் வகுப்பைப் பார்த்த பிறகு எனக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஒரே மூச்சில் இரண்டு பக்கம் எழுதினேன். குரல் பின்பெஞ்சுக்குக் கேட்கவில்லை, ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகள் மேல் கண் இல்லை, பாடம் பாதியில் நின்றுபோகிறது. அவள் என் அறையில் நின்று அழுதாள். அடுத்த வாரமே ஆய்வுக்கூடத்தில் அவள் குரல் என் அறைவரை கேட்டது.

ஜூலையில் மறுபடி இயற்பியல் வகுப்பு. அதே டஸ்டர், அதே முதுகு. பாதிக் கணக்குகளாக இருந்த நோட்டை ஒரு மாணவி என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். நான் மறுபடி "திருப்தி" என்று எழுதினேன், மறுபடி கேண்டீனுக்குப் போனேன். இந்தத் தடவை கொஞ்சம் கோபமாகவே பேசினேன். வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவள், "உங்கட பேர் கெட்டுப் போகுமெண்டுதானே பயம்?" என்றாள். அவளோடு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

செப்டம்பரில் சோதனைத் தேர்வு முடிவு வந்தது. அவர் வகுப்பில் பாதிக்கு மேல் தோல்வி. இனி மூடி மறைக்க வழியில்லை. மூன்றாவது படிவத்தில் முதல் தடவையாக உண்மையை எழுதினேன்.

முதல்வர் சீனர், அதிகம் பேசாதவர். எங்கள் பேச்சு எப்போதும் ஆங்கிலத்தில்தான். மூன்று தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஆறு மாத நீட்டிப்புக் கொடுங்கள்" என்றேன். "திருத்திக்கொள்வார்."

"எழுத்தில் எச்சரிக்கப்பட்டவருக்குத்தான் நீட்டிப்பு. அந்த விதி உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும்.

"இந்தத் தாள்களின்படி இவருக்குப் படிப்பிக்கத் தெரியும். இரண்டு தவணை நன்றாகச் செய்தார், மூன்றாவதில் விட்டுவிட்டார். முடியாதவருக்கு அவகாசம் தரலாம். முடிந்தும் செய்யாதவருக்கு நிர்வாகக் குழு தராது."

"முதல் இரண்டும் பொய் என்று எழுதித் தருகிறேன்."

"எழுதுங்கள். அதன்பிறகு மூன்றாவதை யார் நம்புவார்கள்?"

எழுதித்தான் கொடுத்தேன். குழு என்னைக் கண்டித்து ஒரு கடிதம் அனுப்பியது. வேதியியல் பெண்ணை நிரந்தரமாக்கியது. இயற்பியல் இளைஞரை ஆண்டு முடிவோடு வேலையிலிருந்து நிறுத்தியது.

கடைசி நாள் மதியம், பிள்ளைகள் போன பிறகு, இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அவர் கருவிகளை எண்ணி அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார். போகலாமா வேண்டாமா என்று வாசல்வரை இரண்டு தடவை வந்து திரும்பினேன். மூன்றாவது தடவை அவரே பார்த்துவிட்டார்.

"வாங்க சார்."

உள்ளே போனேன். அவர் கையிலிருந்த மின்கம்பியைச் சுருட்டி முடித்தார்.

"கெமிஸ்ட்ரி மிஸ், அவங்களுக்கு நீங்க எழுதுனத எங்கிட்ட காட்டுனாங்க சார். ரெண்டு பக்கம் இருந்துச்சு."

"நான் உங்ககிட்டயும் சொன்னேனே தம்பி. கேண்டீன்ல."

"சொன்னீங்க. வீட்ல அண்ணன் ஏசுற மாதிரின்னு நெனச்சேன். ஆபீஸ்ல சொல்றது பேப்பர்லதானே சார் வரும்? அதுல நல்லாருக்குன்னு இருந்துச்சு. அத அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன்."

நான் ஜன்னல் பக்கம் போனேன். திரும்பி வந்தேன்.

"ஏன் சார் எனக்கு மட்டும் எழுதல? நான் தாங்க மாட்டேன்னு நெனச்சீங்களா?"

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவரைப் பற்றிய இரக்கம் என்று அது கேட்க நன்றாகக்கூட இருந்திருக்கும். சொல்ல வாய் வரவில்லை.

"ஒங்களப் பத்தி நெனைக்கல தம்பி. என்னப் பத்தித்தான் நெனச்சேன். கிராணி மவன் தோட்டத்துப் பிள்ளய கவுத்துட்டான்னு சொல்லுவாங்கன்னு பயந்தேன்."

அதைக் கேட்டு அவர் என்ன நினைத்தார் என்று இன்றும் எனக்குத் தெரியாது. பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இப்பவாச்சும் எழுதுங்க சார். மார்ச்லேருந்து."

ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. டஸ்டர், முதுகு, ஒரு நாள் வகுப்புக்குப் பிந்தி வந்தது, சத்தமாகத் திருப்பிச் சொல்வது, திருத்தாத தாள்கள், எல்லாம் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் கீழே என்ன செய்யலாம் என்றும் எழுதினேன். ஏழு குறை வந்தது.

அவர் நின்றபடியே படித்தார். மூன்றாவதில் விரலை வைத்தார்.

"இது சரியில்ல சார். அன்னிக்கு செமோர்ல பஸ் பழுது. ஆபீஸ்ல சொல்லிட்டுத்தான் லேட்டா வந்தேன்."

அதை அடித்தேன். அவர் தாளை மறுபடி மேலிருந்து கடைசிவரை படித்தார். முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு கணக்கைச் சரிபார்ப்பவர்போல நிதானமாகச் சொன்னார்.

"இதுல என்னால செய்ய முடியாதது ஒண்ணுகூட இல்லியே சார்."