ஜுரத்திடம் வரம் கேட்டேன்

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆடி மாதம். உத்திரமேரூர் பக்கம், செய்யாற்றங்கரையில் ஒரு சின்ன ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து எனக்கு மூன்று வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த அசட்டுத்தனத்துக்கு அதுதான் காரணம்.

என் நாத்தனாருக்கு அப்போது பதினேழு வயது. களை எடுக்கப் போனவள் தலைவலி என்று பாதியிலேயே திரும்பி வந்து படுத்தாள். சாயங்காலத்துக்குள் உடம்பு அனலாய்க் கொதித்தது. காலில் நாலைந்து சிவப்புப் புள்ளிகள். மாமியார் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆத்தா வந்துவிட்டாள், அம்மை போட்டிருக்கிறது என்று முடிவாகிவிட்டது. வாசலில் வேப்பிலை செருகினோம். அடுப்பில் தாளிப்பதை நிறுத்தினோம். மருந்து என்று வாயைத் திறக்கக் கூடாது, ஆத்தாவுக்குக் கோபம் வரும். என் வீட்டுக்காரர் நெல் லாரியோடு மெட்ராஸ் போயிருந்தார்.

மறுநாள் அவள் பேச ஆரம்பித்தாள். எங்களோடு இல்லை. கண் பாதி திறந்திருக்கும், யாரையும் பார்க்காது. வெளிச்சம் பட்டாலே அலறினாள் என்று ஜன்னலுக்குச் சாக்கு கட்டினோம். உச்சிப் பகலில் அந்த அறை மட்டும் இருட்டிக் கிடந்தது. அவள் தலை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வளைந்து, மோவாய் கூரையைப் பார்த்து நின்றது. திடீரென்று, செத்துப்போன தன் அப்பாவைப் பேர் சொல்லி, "வாடா, இங்க வந்து உக்காரு" என்றாள். பெற்ற அப்பனை எந்தப் பெண் அப்படிக் கூப்பிடுவாள்? மாமியார் மகளின் காலிலேயே விழுந்துவிட்டார்.

அம்மை கண்ட வீட்டுக்கு வெளியாள் வரக் கூடாதுதான். ஆனால் ஆத்தா பேசுகிறாள் என்று தெரிந்ததும் அந்தக் கட்டுப்பாடு காற்றில் போய்விட்டது. பெண்கள் கற்பூரத்தோடு வந்து குறி கேட்டார்கள். தொலைந்த மாடு எங்கே, மகளுக்கு எப்போது வரன் வரும் என்று. அவள் உளறியதிலிருந்து ஆளுக்கொரு பதிலைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள்.

எல்லாரும் போனபின் நானும் கேட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கைகூப்பி மண்டியிட்டுக் கேட்டேன். "தாயே, எனக்கு ஒரு கொயந்த குடு."

அவள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். அந்தச் சூட்டை இன்றும் கை மறக்கவில்லை. "கொயந்த அழுவுதே, காதுல வியல? கதவாண்ட நிக்குது. தொற" என்றாள்.

வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. ஆனாலும் போய்க் கதவைத் திறந்தேன். வாசலில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். நான் கத்தியேவிட்டேன்.

மலேரியாக்காரர். ஜுரம் கண்டவர்களின் விரலில் ஊசியால் குத்தி, ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவிக்கொண்டு, சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவாரே, அவர். வேப்பிலையைப் பார்த்து உள்ளே வராமல் நின்றிருக்கிறார். அறையிலிருந்து வந்த குரலைக் கேட்டு, வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார்.

"எத்தினி நாளா இப்பிடி கீது? தலைய ஏன் அப்பிடி வச்சிக்கினு கீது அந்தப் பொண்ணு?"

"ஆத்தா மேல பாக்குறா" என்றேன்.

"தலைக்குப் பின்னால கைய குடுத்து மெதுவா தூக்கும்மா. மோவாக்கட்ட நெஞ்சாண்ட வருதா பாரு."

தூக்கினேன். கழுத்து மடங்கவே இல்லை. இடுப்புவரை உடம்பு மொத்தமும் பலகையாக எழும்பி வந்தது. அவள் போட்ட கூச்சலில் மாமியார் ஓடிவந்தார்.

"இது அம்மை இல்லம்மா. ஜுரம் மூளையாண்ட போயிருக்கும்போல கீது. இப்பவே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க" என்றார் அவர்.

"ஆத்தா கீற வூட்ல ஆஸ்பத்திரி பேச்ச எடுக்காத நைனா!" என்று மாமியார் வழிமறித்தார். என் பக்கம் திரும்பி, "போற வயில எம்பொண்ணுக்கு ஏதாச்சும் ஆச்சு, நீ இந்த வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றார்.

எனக்கு வந்த தைரியத்தைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். ஆத்தாவுக்கும் பயந்தேன், மாமியாருக்கும் பயந்தேன். ஆனால் அந்த மடங்காத கழுத்தின் கனம் என் கையிலேயே இருந்தது. அவளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டேன். மலேரியாக்காரர் சைக்கிளில் முன்னால் போய் ஆற்று மணல் லாரி ஒன்றை நிறுத்தி வைத்தார். கடைசியில் மாமியாரும் அழுதுகொண்டே ஓடிவந்து ஏறினார்.

உத்திரமேரூரில் பார்த்துவிட்டு, ஊசி போட்டு அங்கிருந்து செங்கல்பட்டுக்கு அனுப்பினார்கள். முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்த டாக்டர், மூளையை மூடியிருக்கும் சவ்வில் கிருமி, காலில் வந்த புள்ளிகளும் அதனால்தான் என்றார். கழுத்து விறைத்து, ஆள் உளறி, வெளிச்சத்துக்குக் கண் கூசினால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று திட்டினார். மூன்று வாரத்தில் பிழைத்து வந்தாள். இடது காது மட்டும் போய்விட்டது. அவளுக்குக் கேட்ட அந்த அழுகை, காது நரம்பு கெட்டுக்கொண்டிருந்த சத்தமாக இருக்கலாமாம்.

அடுத்த வருஷம் எனக்குப் பெண் பிறந்தாள். நான் வரம் கேட்டது அன்றைக்கு மாமியார் காதில் விழுந்திருக்கிறது; ஆத்தா வாக்கு பலித்துவிட்டது என்று அவர் சொல்லிச் சொல்லி ஊரே மெச்சியது. நான் மட்டும் இன்றுவரை அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுகிறேன். அந்த இரண்டு நாளில் அவளிடம் எங்களில் ஒவ்வொருத்தியும் ஏதேதோ கேட்டோமே தவிர, உனக்கு எங்கேம்மா வலிக்கிறது என்று ஒருத்தியும் கேட்கவில்லை.