ஏ.சி.க்கு ஆகாத தந்திகள்

என் வீட்டுக்காரர் ஃபிராங்க்ளின் ஒரு வேளைச் சோற்றை முழுசாக உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பாதியில் எழுந்துவிடுவார். "ஒரு நிமிசம் கலா, தந்தி நகந்த மாதிரி இருக்கு" என்பார். எச்சில் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு போய் முறுக்காணியைத் திருகுவார். இங்கே எனக்கு வயிறு எரியும்.

அவர் வாசிப்பது டபுள் பேஸ். ஆளைவிட உயரமான வயலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். நின்றபடி கட்டிப்பிடித்துத்தான் வாசிக்க வேண்டும். பெஹாலாவில் எங்கள் ஃப்ளாட்டில் இருப்பதே ஒரு படுக்கையறை. அதில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே அது மூன்றாவது ஆளாக நிற்கிறது. துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பாவோடு கைக்குழந்தையாகக் கல்கத்தா வந்தவர் அவர். நான் பாளையங்கோட்டையிலிருந்து கல்யாணமாகி வந்தவள். பகலில் அவருக்கு சால்ட் லேக் செக்டர் ஃபைவில் வேலை. அடுத்தவன் எழுதிய சாஃப்ட்வேரில் குறை கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் குணம் ஆபீஸோடு நின்றால் தேவலை.

முதலில் நாலு தந்தியும் இரும்பு. சத்தம் ரொம்பக் கிணுகிணு என்கிறதாம், கழற்றினார். அடுத்து நாலும் சிந்தெடிக். வில் போட்டு இழைக்க நன்றாக இருக்கிறது, விரலால் சுண்டினால் உயிரே இல்லை என்றார். அதற்கப்புறம் ஆட்டுக் குடலைத் திரித்துச் செய்த தந்தி. எங்கள் ஊரில் குடல் வாங்கினால் குழம்பு வைப்போம். இந்த மனுஷன் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கட்டையில் கட்டுகிறார். பார்சல் வந்த அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு பௌதி (வங்காளத்தில் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) என்னவோ ஏதோ என்று கதவைத் தட்டிவிட்டாள். அந்தக் குடலிலும் தடித்த இரண்டும் தொளதொளவென்று இருந்தன. கடைசியில் மேலே மெல்லிய இரண்டுக்குக் குடல், கீழே தடித்த இரண்டுக்கு சிந்தெடிக் என்று கலந்து கட்டினார்.

அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. குடல் தந்தி காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும், ஏ.சி. போட்டால் காயும். ஈரமானாலும் காய்ந்தாலும் சுருதி நகரும். சிந்தெடிக் எதற்கும் அசையாது. நாலும் சேர்ந்து நகர்ந்தாலாவது சமாளிக்கலாமாம். ரெண்டு மட்டும் நகர்ந்தால் ஒரே வாத்தியத்துக்குள் சண்டை. அதனால் படுக்கையறையில் ஏ.சி. கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. சுவரில் மாட்டிய ஏ.சி.யின் மேல் வருஷக்கணக்காக அவருடைய பனியன் காய்கிறது. பின்னால் பல்லி குடித்தனம் நடத்துகிறது. ஆவணி மாதக் கல்கத்தாப் புழுக்கத்தில் நான் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு படுக்கிறேன்.

இந்த ஆவணியில்தான் கௌஷிக்கிடமிருந்து போன் வந்தது. சினிமாவுக்கு இசை போடுகிறவர். சனிக்கிழமை டாலிகஞ்சில் ரெக்கார்டிங், பேஸோடு வர வேண்டும், சரிப்படாவிட்டால் அந்தச் சத்தத்தைக் கீபோர்டிலேயே போட்டுக்கொள்வேன் என்றார். சனிக்கிழமை ராத்திரிகளில் பாரில் வாசிக்கிறவருக்கு முதல் சினிமா. அன்றைக்கே கீழே இருந்த இரண்டையும் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இந்தா பாருங்க, இதுதான் கடைசி. கீபோர்டுதான்னு அவங்க சொல்லிட்டாங்கன்னா இத வித்துரணும். நான் ஏ.சி. போட்டுக் கால நீட்டிப் படுக்கணும்."

கழற்றிய தந்தியைக் கையில் சுருட்டினார். "சரிட்டி" என்றார். சொன்னால் சொன்னதுதான், மாறமாட்டார். எனக்குத்தான் ஏன் கேட்டோம் என்றிருந்தது.

டெம்போவில் பேஸின் கழுத்தைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நானும் போனேன். ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் என் தோல் சிலிர்த்தது. அப்படி ஒரு ஏ.சி. ஆண்டவரே, அந்தச் சுகத்தில் ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன்.

வாசிக்க ஆரம்பித்தார். தடித்த தந்தியில் வில் இழைத்து வந்தது, மெல்லிய தந்திக்கு ஏறும்போது இடறியது. முறுக்கினார். மறுபடி வாசித்தார், மறுபடி இடறியது. கௌஷிக், அண்ணன் என்பதற்கு 'தா' போட்டு, மரியாதையாகத்தான் சொன்னார்: "ஃபிராங்க்ளின்-தா, இன்னொரு தடவை. இல்லாவிட்டால் கீபோர்டு."

"ஏ.சி.ய நிறுத்தச் சொல்லுங்களேன்" என்றேன் கிசுகிசுப்பாக.

"சும்மா இரு கலா. முதல் நாள் வந்த எடத்துல ஏ.சி.ய அணைங்கன்னு சொல்ல நான் யாரு?"

வாத்தியத்தை விற்கத் தயார், வாயைத் திறக்க வெட்கம்! எனக்கு எங்கிருந்து வந்ததோ ஆவேசம். சுவரிலிருந்த சுவிட்சை நானே அணைத்தேன்.

"ஏய்யா, ஒரு பொம்பள வருசக்கணக்கா இந்தக் குடலுக்காக வெந்து சாவுறா. நீங்க கொஞ்ச நேரம் வேர்த்தா கொறஞ்சா போயிருவீங்க? அவரு தந்திக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் குடுங்கய்யா!"

ஒருத்தருக்கும் தமிழ் புரியவில்லை, கோபம் நன்றாகப் புரிந்தது. கௌஷிக் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் என் ஏச்சு முழுவதையும் வங்காளத்தில் ஒரே வரியாக்கினார்: "ஏ.சி. இல்லாமல் முயற்சி பண்ணலாமா என்று கேட்கிறாள்."

கௌஷிக் சிரித்துவிட்டார். "பௌதி சொன்னால் சரி" என்றார். கதவைத் திறந்து வைத்தார்கள், டீ வந்தது. எல்லோருக்கும் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அவர் வாசித்தார். கீழே இழைத்த சத்தம் அப்படியே மேலே ஏறி, விரலால் சுண்டியதில் முடிந்தது, எங்கேயும் இடறவில்லை. "ஓகே" என்று கௌஷிக் சொன்னபோது நான் ஏசப்பாவுக்கு நன்றி சொன்னேன்.

திரும்பி வரும்போது, டெம்போவில்தான் உறைத்தது. என் ஏ.சி.யை நானே என் கையால் அணைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஏ.சி. மேலிருந்த பனியனை எடுத்தார். ரிமோட்டில் பாட்டரி இல்லை. எப்போதோ அது சுருதி பார்க்கும் கருவிக்குள் போய்விட்டது. அதிலிருந்து கழற்றி ரிமோட்டில் போட்டு என் கையில் கொடுத்தார்.

"இன்னிக்குப் போட்டுக்க. ஒனக்குத்தான்."

போட்டேன். குளிர்ந்த காற்று வந்தது. கட்டிலில் காலை நீட்டினேன். பக்கத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் பேஸிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம், தந்தி அசைகிற சத்தம். அவர் எழுந்திருக்கவில்லை. கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. இன்னொரு 'டிக்'. அப்போதும் எழுந்திருக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் எனக்காக இப்படி ஓரிடத்தில் உட்கார்ந்ததில்லை. என்னால்தான் தாங்க முடியவில்லை.

ஏ.சி.யை அணைத்தேன். பாட்டரியைக் கழற்றி அவர் கையில் வைத்தேன்.

"போங்க, போய் முறுக்குங்க. அந்த ஈரத்துண்ட மட்டும் எடுத்துக் குடுத்துட்டுப் போங்க."