இறங்காமல் ஏறும் வழி

வார்டில் இறந்துபோன ஒரு கிழவரின் சட்டை, படுக்கை விரிப்புகளோடு சேர்ந்து மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்கு வந்துவிட்டது. நெஞ்சுப் பக்கம் முழுக்க மருந்துக் கறை. அப்படி வருவதை எரிக்கப் போடுவதுதான் அங்கே வழக்கம். கொதிகலன் பக்கம் வேலை பார்த்தவர் அதைத் தனியே எடுத்து, கையாலேயே கறை போகக் கசக்கி, அறுந்திருந்த பொத்தானையும் தைத்தார். இஸ்திரிப் பெட்டி போட்டு மடித்து, வராந்தாவில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்த கிழவரின் மனைவி பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தபோது அங்கே ஆள் இல்லை.

கூட வேலை பார்த்த ஒருத்தி சொல்லித்தான் இது அவருடைய தங்கைக்கே தெரிந்தது. "ஏன்ணே என்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள்.

"துணி துவைக்கிறவன், துணி துவைச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவானா?" என்றார் அண்ணன்.

அவருக்கு மேட்டுக்காரர் என்று பெயர் விழுந்திருந்தது. எங்கிருந்து யார் வந்தாலும் எவ்வளவு தூரம் என்று கேட்க மாட்டார். "வழியில எத்தனை மேடு?" என்றுதான் கேட்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாரம் ஆறு நாள் ஈரத் துணியும் நீராவியும். புதன்கிழமை விடுமுறை. அன்று காலையில் சைக்கிளை எடுத்தால் குன்றுகளின் பக்கம்தான் போவார்.

தங்கை வாழ்க்கைப்பட்டது அந்தக் குன்றுகளுக்கு நடுவில். பெரிய மலை என்று சொல்ல முடியாது. படுத்திருக்கும் மாடுகளைப் போல ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்து கிடக்கும் மேடுகள், புல், அங்கங்கே பாறை. பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து வீட்டுக்கு ஓர் ஆட்டுத்தடம் மட்டும்தான். தங்கையின் கணவர் நாலு மாடு வைத்திருந்தார். தினமும் பால் கேனைத் தலையில் வைத்து அந்தத் தடத்தில்தான் இறங்குவார்.

முதல் தடவை அண்ணன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வேர்த்து விறுவிறுக்க வந்து சேர்ந்தார்.

"என்ன மச்சான், நீங்க சைக்கிள்ல வந்தீங்களா, சைக்கிள் உங்க மேல வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார்.

"சிரிங்க மாப்பிள்ளை, சிரிங்க. ஒரு நாள் காலைத் தரையில ஊனாம உங்க வாசல்ல வந்து பெல் அடிக்கிறேன்."

விளையாட்டாகச் சொன்னது மூன்று வருடம் பிடித்தது. முதலில் நடந்து பார்ப்பார். அப்புறம்தான் சைக்கிள். எந்தச் சரிவு மூச்சு வாங்கும், எது வாங்காது என்பது தன் முழங்காலுக்குத் தெரியும் என்பார். மருத்துவமனை விரிப்புகளில் குறி போடும் நீல மை அழியவே அழியாது. அதில் கொஞ்சம் சீசாவில் ஊற்றி வந்து கல்லில் புள்ளி வைப்பார். உட்கார்ந்தே மிதிக்கலாம் என்றால் ஒரு புள்ளி. எழுந்து நின்று மிதிக்க வேண்டும் என்றால் இரண்டு. இரண்டு புள்ளி விழுந்த இடத்தை விட்டு, அடுத்த வாரம் சுற்றி வேறு பக்கம் தேடுவார். மூன்றாவது வருடம் அடிவாரத்திலிருந்து வாசல்வரை எல்லாக் கல்லிலும் ஒற்றைப் புள்ளி.

அன்று வந்து பெல் அடித்தார். மாப்பிள்ளை பின்னால் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். அவர் கை கழுவி வரும்வரை அண்ணன் காலை ஊனாமல் முற்றத்தில் சுற்றிச் சுற்றி வந்தார். கோழிகள் பறந்தன. தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மறுநாளே மாப்பிள்ளை ஒரு பழைய சைக்கிள் வாங்கிப் பால் கேனை அதில் கட்டிக்கொண்டார். தலைச்சுமை போயிற்று.

அதோடு நின்றிருக்கலாம்.

கை முறிந்து வார்டில் கிடந்த ஒருவர் நிலம் அளக்கிறவர். விரிப்பு மாற்றப் போன அண்ணனிடம், "நீங்க வாராவாரம் போற அந்தக் குன்றுகள்ல ஏறுறது ரொம்பக் கஷ்டமோ?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அண்ணனிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். கேட்டதே போதும், மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த புதன்கிழமை, கட்டுப்போட்ட கையோடு இருந்தவரைக் கேரியரில் உட்காரவைத்து மேலே கொண்டுவந்து சேர்த்தார்.

"ஒரு இடத்துலயாவது இறங்கச் சொன்னேனா சார்? நீங்களே சொல்லுங்க!"

"இல்லையே. பெரிய உபகாரம் பண்ணியிருக்கீங்க" என்றார் அளவுக்காரர். சின்ன நோட்டில் என்னமோ எழுதிக்கொண்டார். தங்கை அவருக்குச் செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தாள். வெயிலில் வந்தவர் ஆயிற்றே என்று இரண்டாவது செம்பும் கொடுத்தாள்.

நாலு மாதத்தில் கல் குவாரி இயந்திரங்கள் வந்தன. வீட்டுக்குப் பின்னாலிருந்த குன்றில் நல்ல கல் இருந்ததாம். ஆட்டுத்தடம் போன பாறையை முதலில் வெட்டினார்கள். நீலப் புள்ளிகளை ஒட்டியே வழியை அகலமாக்கி லாரி விட்டார்கள். விடிந்ததிலிருந்து தூசி. மூடிவைத்த பாலிலும் தூசி, தலையணையில் தூசி, சாமி படத்தின் கண்ணாடியில் தூசி. தங்கை காலையில் படத்தைத் துடைத்துவிட்டு விளக்கேற்றுவாள். விளக்கு அணைவதற்குள் முகம் மறைந்துவிடும்.

ஒரு லாரிக்காரர் தண்ணீர் கேட்டு வந்தவர், "இப்படி ஒரு வழி கண்டுபிடிச்சவன் கெட்டிக்காரன்மா. முழு லோடோட இறங்கினாலும் வண்டி பூ மாதிரி வருது" என்றார். அதை அவள் அண்ணனிடம் சொல்லவில்லை.

ஒரு நாள் காலையில் மாப்பிள்ளை பால் கேனோடு இறங்கினார். முன்னால் போன லாரி கிளப்பிய தூசியில், பின்னால் வந்த லாரிக்கு அவர் தெரியவில்லை.

உடலை எடுத்த பிறகு, எல்லோரும் போன பிறகு, அண்ணன் வந்து சுவரோரம் நின்றார். "நான்தான்மா அவனைக் கேரியர்ல வச்சுக் கூட்டிட்டு வந்தேன்."

"தெரியும்" என்றாள் தங்கை. "நீ அவனுக்குக் காட்டினது வழியா? என் வீட்டுக்காரர் கழுத்தைக் காட்டிக் குடுத்தே."

அதோடு பேச்சு நின்றது. தான் கொடுத்த அந்த இரண்டு செம்புத் தண்ணீரும் அவள் நெஞ்சில் கிடந்து அறுத்தது. அந்தக் கோபத்தையும் சேர்த்து அண்ணன் மேலேயே போட்டாள். அவரைப் பார்த்தால் ஆத்திரம் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் சாமியிடம் கேட்பாள். புதன்கிழமை அவர் தலை தெரிந்ததும் வந்துவிடும்.

அண்ணன் அதற்குப் பிறகு சைக்கிளைத் தொடவில்லை. பஸ்ஸில் வந்து, லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்து வருவார். வீட்டுக்குள் நுழைய மாட்டார். வெளித்தொட்டியில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, கிழக்கே இருந்த குன்றின் பக்கம் போய்விடுவார். தங்கை ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். பத்து அடி நடப்பார், நிற்பார், குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொள்வார். என் கண்ணில் படக் கூசிக்கொண்டு காட்டில் திரிகிறார் என்று நினைத்தாள். அவள் நிலைமையும் லேசாக இல்லை. கணவரை அடித்த அதே ரோட்டில்தான் தினமும் பால் கேனோடு போக வேண்டும். ஒவ்வொரு ஹாரனுக்கும் பாறையோடு ஒட்டிக்கொள்வாள்.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் சலவைக்கூடத்து வேலைக்காரி தேடிக்கொண்டு வந்தாள்.

"உங்க அண்ணனுக்கு நெஞ்சு சரியில்லம்மா. மாடிப்படிகூட ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. புதன்கிழமை ஆனா மனுஷனைப் பிடிக்க முடியல. இங்கதான் வர்றாரா?"

அடுத்த புதன்கிழமை தங்கை வாசலில் நின்றாள். "எங்க போற?"

"வழி பாக்கப் போறேன்."

"இன்னொரு லாரிக்கா?"

அண்ணன் அதை வாங்கிக்கொண்டார். "உனக்கு. கேனைத் தூக்கிட்டு நீ அந்த ரோட்டுல போறதை நினைச்சா எனக்குச் சோறு இறங்கல. கிடைச்சிருச்சு. வந்து பாரு" என்றார்.

அவள் கேனோடு பின்னால் போனாள். கிழக்குக் குன்றின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு இறங்கியது அந்த வழி. கால் வலிக்காத சரிவு. ஆனால் மூன்று இடத்தில் இரண்டு பாறைக்கு நடுவே ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். மாடுகூடப் போகாது.

"அகலமா வந்த இடத்தையெல்லாம் விட்டுட்டேன்" என்றார். "அதனாலதான் இவ்வளவு நாள் ஆச்சு."

"புள்ளி வைக்கலையா?"

"இல்ல. பாறையைத் தொட்டுத் தொட்டு மனசுல வச்சுக்க."

ஒரு மணி நேரத்தில் பஸ் நிற்கும் இடம் வந்துவிட்டது. வழியில் ஒரு லாரியும் எதிர்ப்படவில்லை. அண்ணன் கல்லில் உட்கார்ந்தார். உதடு கறுத்திருந்தது.

"டாக்டர் சொல்றதைக் கேட்டா என்ன?"

"டாக்டர் கார்ல வர்றவரு. அவருக்கு மேட்டைப் பத்தி என்ன தெரியும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. உன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை அண்ணே என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. "வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போயேன்" என்று மட்டும் சொன்னாள்.

"அடுத்த வாரம்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை சலவைக்கூடத்தில், ஈர விரிப்பு மூட்டைமேல் சாய்ந்தபடியே அண்ணன் போய்விட்டார். தூங்குகிறார் என்று நினைத்துச் வேலை முடிகிற சங்கு ஊதும்வரை யாரும் எழுப்பவில்லையாம். தங்கை இன்னும் அந்த வழியில்தான் பால் கொண்டுபோகிறாள். சொல்லாமல் விட்ட வார்த்தையைச் சாமியிடம்தான் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது.

கடைசியாகப் பார்த்த அந்தப் புதன்கிழமை, பஸ் வந்ததும் அவர் கம்பியைப் பிடித்து ஏறி, படியிலேயே நின்று திரும்பிப் பார்த்தார்.

"யாராவது நல்லவங்க மாதிரி சிரிச்சுப் பேசி, இந்தப் பக்கம் வழி இருக்கான்னு கேப்பாங்க. இல்லேன்னு சொல்லிடு. பொய் சொன்ன பாவம் என் கணக்குல சேரட்டும்."