திரையில் ஏழாம் எண்

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில், புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலை இருந்தது. பழக்கூழைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் இயந்திரத்தின் முன்னால் ஒரு பெண் நின்று, அரைமணிக்கு ஒருமுறை சூட்டையும் அழுத்தத்தையும் பெரிய நோட்டில் எழுதிக்கொண்டிருப்பாள். சென்னைக் கம்பெனி ஒன்று அந்த நோட்டுக்கு வேலையில்லாமல் செய்ய என்னை அனுப்பியது.

இயந்திரம் இத்தாலியிலிருந்து வந்தது. பாய்லர் கோயம்புத்தூர். குளிரூட்டும் கருவி வேறெங்கோ செய்தது. ஒன்றின் கணக்கு இன்னொன்றுக்குப் புரியாது. நடுவில் ஒரு பெட்டியை வைத்து, ஒயர் இழுத்து, எல்லா எண்களையும் ஒரே திரைக்குக் கொண்டுவர எனக்கு இரண்டு மாதம் ஆனது. அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எல்லாம் இதுலயே வந்துடுமா சார்?"

"வந்துடும்."

"அப்போ நான் இன்னா பண்றது?"

"பாத்துக்கினு இருக்கலாம்" என்றேன். நான் அவள் பேச்சில் பேசியது கேட்டுச் சிரித்துவிட்டாள். அடுத்த வருடம் நகரியில், அவள் வீட்டில், எங்கள் கல்யாணம் நடந்தது.

புத்தலப்பட்டில் இரண்டு அறை வீடு எடுத்தோம். ஒன்றரை வருடம்தான். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ கிளம்பிக்கொண்டிருந்தார். எனக்குச் சிங்கப்பூரில் வேலை வந்தது. அந்த வேலை அனுமதியில் மனைவியைக் கூட்டிப் போக முடியாது.

"மூணு வருசம் தான? போய்ட்டு வாங்க" என்றாள். சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

சிங்கப்பூர் அலுவலகத்தில் என் வேலை, பல ஊர்த் தொழிற்சாலைகளின் இயந்திரங்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று திரையில் பார்ப்பது. வந்த சில மாதங்களில் எங்கள் கூழ் தொழிற்சாலையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. இயந்திரத்தை இயக்குபவர்கள் தங்கள் எண்ணைப் போட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அவள் எண் ஏழு.

எனக்குக் காலை எட்டரை என்றால் அங்கே ஆறு. ஏழாம் எண் உள்ளே வந்தது என்று திரையில் ஒரு வரி வரும். அவள் பஸ் பிடித்து, தலைக்குத் துணி கட்டி, கை கழுவி வந்து நின்றுவிட்டாள் என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகுதான் நான் காபி குடிக்கப் போவேன். இயந்திரத்தில் கூழ் நின்று வெறும் தண்ணீர் ஓடினால் அங்கே டீ நேரம். இரண்டு மணிக்கு ஏழு வெளியேறும். அதற்குப் பிறகு அந்தத் திரையை நான் பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன். அப்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்குத்தான் போன். அவள் வந்து எடுத்ததும் நானே ஆரம்பிப்பேன்.

"செவ்வாக்கிழமை டீக்கு லேட்டா போன இல்ல?"

"ஆமா."

"வியாழக்கிழமை பாய்லர்ல அழுத்தம் எறங்கிச்சு. ரெண்டே நிமிசத்துல சரி பண்ணிட்ட."

"ம்."

முதலில் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். பிறகு 'ம்' மட்டும்தான் வந்தது. போன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மாம்பழம் முடிந்து, கொய்யா முடிந்து, தக்காளி அரைக்கும் பருவம் வந்தது. ஒரு ஞாயிறு உற்சாகமாகச் சொன்னேன்: "இந்த வாரம் உன் ஷிப்ட்டுல ஒரு அலாரம்கூட அடிக்கல. சூடு ஒரு கோடு மாதிரி போச்சு. இங்க எல்லாருக்கும் காட்டினேன்."



"இந்த வாரம் பூரா எனக்கு ஜுரம்" என்றாள். "நாலு நாளு மாத்திரை போட்டுக்கினு நின்னேன். லீவு குடுக்கல."

"சொல்லவே இல்லியே?"

"நீங்க கேக்கவே இல்லியே. டீக்கு எப்போ போனேன், பாய்லர் எப்போ எறங்கிச்சு, எல்லாம் நீங்களே சொல்றீங்க. எப்டி கீறன்னு கேட்டு எத்தினி மாசம் ஆச்சு?"

போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டில் யாரோ தெலுங்கில் யாரையோ சாப்பிடக் கூப்பிடுவது கேட்டது.

"கேளுங்க" என்றாள் அவளே.

"எப்டி கீற?"

அழுதாள். நான் ஊரைவிட்டு வந்த பிறகு அன்றுதான் அவள் அழுவதைக் கேட்டேன்.

மறுநாள் மேலாளரிடம் பேசி, அந்தத் தொழிற்சாலையைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்துவிட்டு மலேசியாவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையை வாங்கிக்கொண்டேன். எட்டரை மணி ஆனால் கண் திரையின் பழைய மூலைக்குத்தான் போகும். அங்கே இப்போது எங்கோ பிஸ்கட் வேகிற சூடு ஓடிக்கொண்டிருக்கும். அந்த முதல் வாரம் அவள் வேலைக்கு வந்தாளா இல்லையா என்று தெரியாமல் தவித்தேன். ஞாயிறு போன் செய்து ஒன்றும் தெரியாதவனாகக் கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல, மழையில் பஸ் வராதது, சேலை நனைந்தது, நைனாவுக்கு, அதாவது அவள் அப்பாவுக்கு, கண் பரிசோதனைக்குத் திருப்பதி போனது என்று எல்லாம் வந்தது. எதுவுமே என் திரைக்கு வந்திருக்காது.

மூன்று வருடம் முடிந்து திரும்பிவிட்டேன். சத்தியவேடு பக்கம் ஒரு தொழிற்பேட்டையில் இப்போதும் அதே வேலைதான் செய்கிறேன். அவளும் வேலைக்குப் போவதை விடவில்லை.

சில நாள் சாப்பிடும்போது கேட்பேன், நான் இல்லாத முதல் வருடம் சாயங்காலங்களில் என்ன செய்தாய், யாரோடு பேசினாய், தனியாக என்ன சமைத்தாய் என்று.

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் கீது? எதனா துன்னுட்டுப் படுத்திருப்பேன்" என்பாள்.

சொல்லக்கூடாதென்று இல்லை. நிஜமாகவே மறந்துவிட்டாள். நான் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.