இரண்டரை இருபது

நம்பித்தான் ஆக வேண்டும் என்று உங்களை நான் கெஞ்சப் போவதில்லை. சிட்செல் மூன்றாம் மாடி, நான் நான்காம் மாடி. அன்று அவள் போட்ட அலறலில், ஒற்றைக் காலில் செருப்போடு கீழே ஓடியவர்களில் நானும் ஒருத்தி. நடந்தது நடந்ததுதான்.

நோரப்ரோவைப் போல நெரிசலான பேட்டை கோபன்ஹேகனில் வேறு கிடையாது. பூங்காவுக்குப் போனால் ஊஞ்சலுக்கு வரிசை, சறுக்குமரத்துக்கு வரிசை. வீட்டுக்குப் பின்னால் சொந்த முற்றம் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எங்களுக்கு இருந்தது. ஒரு மரம், ஒரு மணல்தொட்டி, ஒரு ஊஞ்சல். பலகை வேலிக்கு அந்தப் பக்கத்துக் கட்டடத்தில் வீட்டுக்கு மூன்று பிள்ளைகள். அவர்களுக்கு வாய்த்ததோ குப்பைத்தொட்டிகள் நிற்கும் ஒரு சந்து. வேலியில் ஒரு கதவு உண்டு. பூட்டு எங்கள் பக்கம்.

அந்தக் கதவைத் திறந்துவிடலாமா என்று பேச எங்கள் கட்டடத்தார் ஒரு கூட்டம் போட்டார்கள். வேண்டாம் என்று முதலில் கை தூக்கியவள் சிட்செல். அவளுடைய லீவாவுக்கு அப்போது ஏழு மாதம். பகல் தூக்கம் என்றால் எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கு வெளியில்தான். பனி கொட்டினாலும் குழந்தையை நன்றாகப் போர்த்தி, தள்ளுவண்டியில் படுக்க வைத்து, முற்றத்தில் விட்டுவிட்டு மாடிக்கு வந்துவிடுவோம். "ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் வந்து கத்தினா எம் பொண்ணு எப்படித் தூங்குவா?" என்றாள். கதவு பூட்டியே கிடந்தது.

ஜனவரி, செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு பத்து. சிட்செல் சமையலறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வண்டியின் சத்தத்தை மாடிக்குக் கொண்டுவரும் பேபி அலாரம் ஜன்னலோரம் இருந்தது; அதில் லீவாவின் மூச்சு சீராகக் கேட்டது. பிறகு இன்னொரு சத்தமும் கேட்டது.

க்ரீச்... க்ரீச்...

யாரோ வண்டியை ஆட்டுகிறார்கள். கூடவே ஒரு சிறுமியின் குரல். "முப்பத்தொண்ணு... முப்பத்திரண்டு..."

எட்டிப் பார்த்தாள். முற்றத்தில் யாரும் இல்லை. ஆனால் வண்டி மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது.

அவள் கீழே வருவதற்குள் ஆட்டம் நின்றிருந்தது. லீவா நன்றாகத் தூங்கினாள். பனியில் இருந்த காலடித் தடங்கள் எல்லாம் சிட்செல்லுடையவை. வேலிக்கு அப்பால் ஃபிலிஸ் குப்பை கொட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உள்ளவள்.

"உங்க பொண்ணுங்க வேலி ஏறி வந்து வண்டிய ஆட்டுறாங்க. கொஞ்சம் சொல்லி வைங்க."

"எம் பொண்ணுங்களா? அவங்க பள்ளிக்கூடத்துல இருக்காங்க."

"அப்ப வேற யாரு?"

"என்னைக் கேட்டா? பூட்டு உங்க கையிலதானே இருக்கு. எம் பையனும்தான் வெளியில தூங்கணும். குப்பைத்தொட்டி பக்கத்துல போடச் சொல்றீங்களா?"

சிட்செல்லுக்குச் சுருக்கென்றது. மாடியேறினாள். காற்றில் வண்டி ஆடியிருக்கும், வேறு யார் வீட்டு அலாரமோ இதில் குறுக்கிட்டிருக்கும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். அதை நம்பித்தான் மறுநாளும் லீவாவை முற்றத்தில் விட்டாள்.

மறுநாள் அவள் கணவன் ட்ரோல்ஸ் வீட்டில் இருந்தான். அதே நேரம். க்ரீச்... க்ரீச்... அவனுக்கும் கேட்டது.

"பரவாயில்லையே, சம்பளம் கேக்காத ஆயா கிடைச்சிருக்கு" என்று சிரித்தான்.

"நாப்பத்தெட்டு... நாப்பத்தொம்பது... இரண்டரை இருபது."

ட்ரோல்ஸின் சிரிப்பு நின்றது.

"என்ன சொன்னா?"

"ஐம்பதுன்னு..."

"இல்ல சிட்செல். இரண்டரை இருபதுன்னா. யாரு இப்ப அப்படி எண்ணுறாங்க?"

யாரும் எண்ணுவதில்லை. எங்கள் மொழியில் ஐம்பதுக்கு, அதாவது இரண்டரை தடவை இருபதுக்கு, அதுதான் பழைய முழுச் சொல். அதை நறுக்கிச் சுருக்கிப் பல காலம் ஆகிவிட்டது. இன்றைய குழந்தைகளுக்கு அப்படி ஒரு சொல் இருந்ததே தெரியாது.

அலாரம் கரகரத்தது.

"இப்ப என் முறை."

பிறகு லீவாவின் அழுகை. வண்டிக்குள்ளிருந்து அல்ல... எங்கோ தள்ளி.

இருவரும் படிகளில் உருண்டு விழாத குறையாக ஓடினார்கள்.

வண்டி, விட்ட இடத்தில் நின்றது. போர்வை ஏறி இறங்கியது. உள்ளே யாரோ மூச்சு விடுகிறார்கள்.

சிட்செல் நெருங்கினாள்.

போர்வை தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நிறைந்திருந்தது.

ஏழு மாதக் குழந்தை அவ்வளவு நீளம் இல்லை.

அப்போதுதான் அலறினாள்.

லீவா வேலிக் கதவடியில், வெறும் பனியில் கிடந்தாள். குல்லாய் கலையவில்லை. உதடு நீலம். ட்ரோல்ஸ் அவளை அள்ளிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். நாங்கள் ஓடிவந்து பார்த்தபோது வண்டியில் யாரும் இல்லை.

போர்வையைத் தொட்டேன். சூடாக இருந்தது.

லீவா பிழைத்தாள். அதற்குப் பிறகு ஆளில்லாத முற்றத்தைப் பார்க்கவே சிட்செல்லுக்கு நடுக்கம். பிள்ளைகள் வரட்டும், கத்தட்டும் என்று அவளே வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். எல்லாரும் அதைப் பெருந்தன்மை என்று மெச்சினார்கள். பயம், வேறொன்றுமில்லை. நடந்ததை ஃபிலிஸிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

சனிக்கிழமை வேலிக் கதவின் பூட்டைக் கழற்றினோம். பிள்ளைகள் வெள்ளமாக உள்ளே பாய்ந்தார்கள். சிட்செல் லீவாவோடு மேலே ஜன்னலில் நின்று பார்த்தாள், நானும் கூட இருந்தேன். அப்போதுதான் கீழ்வீட்டு பென்ட் மேலே வந்தார். அவருடைய தாத்தா இந்தக் கட்டடத்துக் காவல்காரராக இருந்தவர்.

"அந்தக் காலத்துல இங்க பின்கட்டு ஒண்ணு இருந்துச்சு, ஏழைங்க இருந்த கட்டடம்" என்றார். "அந்தப் பிள்ளைங்க இந்த முற்றத்துல கால் வைக்கக் கூடாது. முன்கட்டுக் குழந்தைங்கள ஆட்டிவிட வந்தா மட்டும் உள்ள விடுவாங்க. ஐம்பது தடவை ஆட்டணும். அப்புறம் கொஞ்ச நேரம் விளையாடிக்கலாம்."

சிட்செல் லீவாவை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"ஒரு பொண்ணு, குளிர் தாங்கல போல. குழந்தையத் தூக்கிப் பனியில வெச்சுட்டு, அவ வண்டியில ஏறிப் படுத்துக்கிட்டா. குழந்தை பிழைக்கல."

"அவ?" என்றேன்.

"தாத்தா போர்வைய விலக்கினப்ப வண்டி காலியா இருந்துச்சாம். அப்புறம் அவள யாரும் பாக்கல."

அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஃபிலிஸ், கையில் ஒரு தட்டு நிறையப் பலகாரம், முகமெல்லாம் சிரிப்பு.

"அன்னைக்கு வெடுக்குனு பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. எம் பையன் முதல் தடவையா வெளியில தூங்குறான். உங்க பெரிய பொண்ணு தங்கம்ங்க. நீங்க போங்க, நான் ஆட்டுறேன்னு என்னை மேல அனுப்பிட்டா."

சிட்செல்லுக்கு லீவா ஒருத்திதான்.