கப்பலில் பொங்கிய மாவு

தங்கைக்கு அப்போது மூன்றாம் மாதம். கப்பலேறிப் போகவேண்டிய தீவு ஊரான ஹட் பேயில் அவள் வீட்டில் தண்ணீர் குடித்தாலும் வாந்தி. எடை இன்னும் குறைந்தால் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். "அக்கா, நீ சுடுற இட்லி தின்னா வயித்துல நிக்கும்போல இருக்கு" என்று ஃபோனில் சொன்னாள். அவ்வளவுதான், எனக்குத் தூக்கம் போயிற்று.

அவளிடம் கிரைண்டர் கிடையாது. மிக்ஸியில் அரைத்ததை நான் மாவு என்றே சொல்ல மாட்டேன். அதனால் போர்ட் பிளேர் பத்துபஸ்தியில் எங்கள் வீட்டிலேயே அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கலக்கி, வாளியில் ஊற்றி ஃப்ரிஜ்ஜில் வைத்தேன். "அங்க போய்க் கலக்கிக்கயேன்" என்றார் என் வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறவர். நான் கேட்டேனா?

காலையில் ஹேடோ துறைமுகத்திலிருந்து கிளம்ப வேண்டிய கப்பல், கடல் சரியில்லை என்று மத்தியானம் வரை ஜெட்டியிலேயே நின்றது. உள்ளே அடுப்படிச் சூடு. வாளி மூடி மெல்ல எழும்பியது. அமுக்கினேன். பக்கவாட்டில் நுரை வழிந்தது. கேன்டீன்காரர் எட்டிப் பார்த்து, "தீதி, யே தோ ஜிந்தா ஹை" என்று சிரித்தார். உயிரோடு இருக்கிறதாம்! எனக்கு வந்த கோபத்தில் அவரிடமே ஐஸ் கேட்டு வாங்கி, வாளியைச் சுற்றி அடுக்கினேன்.

"ஐஸ் வச்சா இனிமே புளிக்கிறது மெதுவாகும். புளிச்சது திரும்பாது" என்றார் கூட வந்த என் வீட்டுக்காரர். "சூடு ஏறினதும் நேரம் போனதும் போனதுதான். ஐஸும் பாரு, கரைஞ்சு தண்ணியாத்தான் போகுது."

"பாடத்தைப் பள்ளிக்கூடத்துல வச்சுக்கங்க" என்றேன். ஆனாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து, கொஞ்சமாவது அடங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திறக்கத் திறக்கக் குளிர்ச்சிதான் வெளியே போயிற்று.

ஹட் பேயில் இறங்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. தங்கை வீட்டில் வாளியைத் திறந்ததும் கூடமெங்கும் புளித்த வாடை. இட்லி ஊற்றினால் கல்லாக இருக்கும். அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமே படாமல். தங்கை சுவரைப் பிடித்தபடி வந்தாள். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. வாடைக்கே குமட்டும் என்று நினைத்து வாளியை மூடப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு மோந்து பார்த்தாள்.

"இத வச்சு தோசை ஊத்துக்கா. நல்லா முறுகலா."

ஊற்றினேன். முழுசாகத் தின்றாள். அவள் வீட்டுக்காரர் வழக்கம்போல வாந்தி பிடிக்கிற பேசினைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். என் வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் கரண்டியோடு அப்படியே நின்றேன். ஐந்து நிமிடம் போயிற்று. பத்து போயிற்று. பேசின் காலியாகவே இருந்தது.

தங்கை எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். முகத்தில் பழைய கடுகடுப்பு வந்திருந்தது.

"எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னா எப்படி? அடுத்ததை யாரு ஊத்துறது?"