மூன்று மந்திரத்துக்கு ஒரு புரட்டல்

மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரத்தில் முதலாவதுக்குக் கட்லெட்டின் ஓரம் சிவக்கும். இரண்டாவதுக்கு எண்ணெயின் சளசளப்பு அடங்கும். மூன்றாவதில் ஆமென் வந்ததும் பிலோமியின் கரண்டி அதைப் புரட்டிப் போடும். மறுபக்கத்துக்கும் அதே மூன்று மந்திரம். அவளிடம் கடிகாரம் கிடையாது. உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. துறைமுகத்துக்குப் போகிற வழியில் உப்பு வண்டிகள் திரும்பும் முக்கில், தகரக் கூரைக்குக் கீழே, உலகச் சண்டைக் காலம் முழுக்க அவளுடைய அடுப்பு இப்படி ஜெபத்தில்தான் வெந்தது.

பச்சை மீனைக் கொத்திக் கிழங்கோடு பிசைந்து பொரித்து, பிளந்த பன் ரொட்டிக்குள் வைப்பாள். புளித்த காடியில் ஊறிய வெங்காயத்தைத் தூவி, உள்ளங்கையால் ஒரு அமுக்கு அமுக்கிக் கொடுப்பாள். திரேஸ்புரத்தில் விடியற்காலம் எது கரையேறுகிறதோ அதுதான் அன்றைய கட்லெட்டு. பாறை மீன் என்றால் கெட்டியாக இருக்கும். சாளை என்றால் மிளகு தூக்கலாக இருக்கும். வள்ளம் இறங்காத நாளில் வெறும் கிழங்குதான். "இன்னைக்குக் கடல் குடுக்கல, கெழங்கத் தின்னு" என்பாள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பல் போனவர்கள் வந்தால் ரொட்டியின் மேல்தோலை அவளே உரித்துவிட்டுக் கொடுப்பாள்.

அவள் புருஷன் இனிகோவுக்குச் சங்கு குளித்துக் குளித்தே இரண்டு காதும் போய்விட்டன. இனிக் கடலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த அடுப்பு எரிந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

போன மாதம் எதிர்ச்சாரியில் 'சில்வர் ஸ்டார் டிபன் ரூம்' திறந்தார்கள். மதுரையிலும் திருநெல்வேலியிலும் கொழும்பிலும் கிளை உள்ள கம்பெனி. எல்லா ஊரிலும் அதே பச்சைப் பலகை, அதே சலவைக்கல் மேசை, அதே கட்லெட் ரொட்டி. சுவரில் ஆளுயரக் கடிகாரம். அதைப் பார்த்து ஒருவன் மணி அடிப்பான். மணி கேட்டதும் இன்னொருவன் சட்டியிலிருந்து எடுப்பான்.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரி தளவாய். அவர் வேடிக்கையாக அங்கிருந்து ஒன்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து நீட்டினார்.

"தின்னு பாரு தாயி. சீமைச் சரக்கு."

பிலோமி மென்று பார்த்தாள். "பாறையா கட்டாவான்னு நாக்குக்குப் பிடிபடலியே அண்ணாச்சி."

"மருதையிலயும் இதே ருசிதானாம். மீனுக்கே தெரியாது, தான் என்ன மீனுன்னு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. உப்பு சரியாக இருந்தது. நாளைக்கும் சரியாக இருக்கும். மழையடித்தாலும் வள்ளம் இறங்காவிட்டாலும் இப்படியே இருக்கும். 

அன்றைக்குப் பிடித்தது பயம். எதிரே மணி அடித்தால் இங்கே நெஞ்சு அடித்தது. யார் அந்தப் படி ஏறுகிறார்கள் என்று கண் தானாகப் போனது. "மாதாவே, அடுப்ப அணைய விட்டுறாதேயும்" என்று பனிமய மாதா கோயிலில் முழந்தாளிட்டு அழுதாள்.

அதற்குள் இன்னொரு கெடுதலும் வந்து சேர்ந்தது. ரொட்டியைக் கடித்தவர்கள் முகம் சுளித்தார்கள். கட்லெட்டு மேலே சிவந்திருக்கிறது, உள்ளே பச்சையாக இருக்கிறது. விறகை மாற்றினாள், சட்டியை மாற்றினாள். கோயில் விளக்கின் எண்ணெயைச் சட்டியின் காதில் தொட்டுவைத்தாள். ஒன்றும் சரியாகவில்லை.

தளவாய் வந்து சொன்னார்: "கோவிச்சுக்கிடாத தாயி. நேத்து நம்ம ஆளு ரெண்டு பேரு வயித்தப் பிடிச்சிக்கிட்டு உக்காந்துட்டானுவ. அங்கன ருசி கெடையாது, ஆனா பச்சை இல்ல. நாளைக்கும் இப்படின்னா பயலுவள அங்கன கூட்டிட்டுப் போயிருவேன்."

அவருடைய ஆட்கள் போய்விட்டால் கடை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

காரணத்தைக் கண்டவன் இனிகோ. காது போனதிலிருந்து அவன் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சை அறிகிறான். அன்று கிழங்குக் கூடையை இறக்கிவைத்தவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏளா, எதுக்கு இந்த ஓட்டம் ஓடுத?"

"நான் எங்க ஓடுதேன்? நின்ன எடத்துலதான நிக்கேன்."

"ஒன் ஒதடு ஓடுது. எதிர்ல அவன் கை மணிக்குப் போனதும் பாதி மந்திரத்த முழுங்குத. மாதாவுக்கே மூச்சு முட்டும்."

பிலோமி கரண்டியைக் கீழே வைத்தாள். கட்லெட்டுக்காக ஒரு பயம். இத்தனை நாளும் ஜெபத்தைக் கடித்துத் துப்பியிருக்கிறோமே என்று அதைவிடப் பெரிய பயம்.

மறுநாள் தளவாயும் ஆட்களும் வந்து நின்றார்கள். எண்ணெயில் கட்லெட்டு விழுந்தது. எதிரே மணி அடித்தது. அவள் உதடு துடித்து முந்தியது. இனிகோ வந்து டிபன் ரூமை மறைத்துக்கொண்டு அவளுக்கு நேரே நின்றான். கையை நீட்டி, கடலில் இறங்கும் குளியாளுக்குக் கயிறு விடுகிற மாதிரி மெல்ல மெல்லக் கீழே இறக்கினான். அவன் கை இறங்குகிற வேகத்துக்கு அவள் ஒரு மந்திரம் சொன்னாள். மறுபடி மணி.  அவன் கை வேகம் மாறாமல் இன்னும் இரண்டு முறை இறங்கியது. ஆமென். புரட்டினாள். மறுபக்கத்துக்கும் மூன்று.

"ஆச்சா தாயி? பயலுவ அந்தப் பக்கம் பாக்கானுவ."

பிலோமி ஒன்றை எடுத்தாள். ரொட்டிக்குள் வைக்கவில்லை. விரல் சுடச்சுட நடுவில் இரண்டாகப் பிட்டு, உள்ளே வெந்ததா என்று அவரே பார்க்கட்டும் என்று பிட்ட பக்கத்தைத் தளவாயின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவள் கண் இரண்டும் இறுக மூடியிருந்தன.